சீனியம்மா பாட்டுக்கு இடைவேளை

ஜன்னல் சீட்டு வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க சார், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெட்ராஸ் வரைக்குமா? நானும் அங்கதான். பொழுது சாயிறதுக்குள்ள கொண்டு போய் விட்ருவேன்னு கண்டக்டர் சொல்றாரு, பாப்போம். நாளைக்குச் சாயங்காலம் அங்க ஒரு விழா. சினிமா அவார்டு விழா.

சிரிக்காதீங்க. இந்த மூஞ்சிக்கு யாரு அவார்டு குடுப்பான்னு எனக்கும் தெரியும். எனக்கு இல்ல சார், என் வீட்டுக்காரிக்கு. சீனியம்மான்னு பேரு. இந்த வருஷத்துக்கு நல்ல பாடகி அவதான்னு சினிமா விமர்சகர் சங்கம் ஒண்ணு குடுக்குது. ரிகர்சல் இருக்குன்னு அவளை முந்தாநாளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பாட்டை மேடையில பாடணுமாம். நேத்துப் போன் பண்ணினா. "வர்றதுன்னா வாங்க. ஆனா நான் பாடி முடிக்கிற வரைக்கும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது. அது முடியாதுன்னா வராதீங்க"ன்னா. அம்புட்டுதான், வச்சிட்டா.

நீங்களே சொல்லுங்க, கட்டின புருஷன்கிட்ட பேசுற பேச்சா இது? இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவ, சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் அவளுக்கு நல்லதுதான் சார் செஞ்சேன். நல்லதுக்குக் காலமில்லைன்னு சும்மாவா சொன்னாங்க. முழுசையும் கேட்டுட்டு நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க. மெட்ராஸ் போறதுக்குத்தான் நேரம் நிறையக் கிடக்கே.

என் பேரு கொம்பையா. எங்க ஊரு கோமளவல்லி டாக்கீஸ்ல கேன்டீன் வச்சிருக்கேன். கோவில்பட்டில இருந்து அரை மணி நேரம் உள்ள போகணும். ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ் நாலு, தியேட்டர் ஒண்ணு, வேற பெருசா ஒண்ணும் கிடையாது. இருபத்திரெண்டு வருஷமா அந்தக் கேன்டீன்தான் எங்களுக்குச் சோறு போடுது. டீ, பப்ஸ், சமோசா, முறுக்கு, கடலைமிட்டாய். சமோசா சீனியம்மா போடுவா. நான் முன்னாடி நின்னு விப்பேன்.

இருபத்திரெண்டு வருஷத்துல எத்தனை படம் வந்திருக்கும்! ஒண்ணைக்கூட நான் உள்ள உக்காந்து பாத்ததில்லை. பாக்கணும்னு அவசியமும் இல்லை சார். ஒரு படம் ஓடுமா ஓடாதான்னு வெளிய நின்னே சொல்லிருவேன். எப்படிங்கிறீங்க? பாட்டை வச்சுத்தான்.

பாட்டு வந்தா நம்ம ஆளுக என்ன செய்வாங்க? எந்திரிப்பாங்க. நீங்களும் எந்திரிச்சிருப்பீங்க, இல்லைன்னு சொல்லாதீங்க. பீடிக்கு ஒருத்தன், டீக்கு ஒருத்தன், ஒண்ணுக்குப் போக ஒருத்தன், பக்கத்துல இருக்கவன் எந்திரிச்சானேன்னு கூட எந்திரிக்கிறவன் ஒருத்தன். ஹீரோ அங்க வெளிநாட்டுல பனிக்கட்டி மேல நின்னு உயிரை விட்டு ஆடிக்கிட்டிருப்பான், நம்மாளு இங்க என்கிட்ட "அண்ணாச்சி, பப்ஸ் சூடா இருக்கா"ம்பான். உள்ள தபேலாச் சத்தம் கேட்டதும் என் கை தானா கிளாஸை அடுக்க ஆரம்பிச்சிரும். சினிமாக்காரன் எல்லாம் பாட்டை எனக்காகத்தான் வைக்கிறான்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

முதல் பாட்டுக்கு ரெண்டு வரிசை எந்திரிச்சு வந்தா படம் ரெண்டு வாரம். நாலு வரிசை வந்தா அஞ்சு நாள். பாதித் தியேட்டர் வந்து நின்னா, மொதலாளி வரதராசுகிட்டப் போய் அடுத்த படத்துக்குச் சொல்லி வையுங்கம்பேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. வெளியூர்ல இருந்து படத்தை வாங்கி விடுறவங்களே எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. "கொம்பையா அண்ணாச்சி, மூணாவது பாட்டுக்கு எப்படி?" "மோசம் சார், டீ பத்தலை"ம்பேன். மறுநாள் அந்தப் பாட்டை வெட்டிருவாங்க. அப்படி ஒரு பேரு எனக்கு.

அவார்டு படம் வேற ரகம். அதையும் நான் கண்டுபிடிச்சிருவேன். அதுல பாட்டே இருக்காது. ஒரு கிழவர் நடந்து வருவாரு, வந்துக்கிட்டே இருப்பாரு. உள்ள பதினோரு பேரு இருப்பான், அதுல நாலு பேரு வெயிலுக்காக வந்தவன். எனக்கு யாவாரமும் இருக்காது, வேலையும் இருக்காது. ஆக பாட்டுப் படம்னா சனம், அவார்டுப் படம்னா சத்தமில்லை. ரெண்டும் ஒண்ணா ஒரு இலையில விழுந்து நான் பாத்ததில்லை.

இப்படி இருக்கும்போது போன வருஷம் எங்க ஊருக்கு ஒரு டைரக்டர் தம்பி வந்தாரு. நவநீதன்னு பேரு. தாடி வச்ச பையன், நல்ல மரியாதை. தீப்பெட்டி ஆபீஸ்ல படம் எடுக்கப் போறோம், ஒரு மாசம் யூனிட்டுக்கு டீ, பலகாரம் உங்களதுதான்னாரு. சரின்னேன். என்ன படம் தம்பின்னு கேட்டேன். "முழுக்கப் பாட்டு அண்ணாச்சி. யாரும் பேசவே மாட்டாங்க. பேசுறதெல்லாம் பாட்டாவே பாடுவாங்க"ன்னாரு.

விளையாடுறாருன்னு நினைச்சேன். அப்புறம்தான் ஷூட்டிங் நடக்குறதைப் பாத்தேன். மேஸ்திரி "ஏன் லேட்டு"ன்னு பாட்டுல கேக்கான். கதாநாயகிப் புள்ள "பஸ்சு வரல"ன்னு பாட்டுல சொல்லுது. போலீஸ்காரன் வந்து பேரு என்ன, ஊரு என்னன்னு ராகம் போட்டு எழுதுறான். எங்க ஊர் சனம் செவுத்து மேல உக்காந்து வாயைப் பொத்திச் சிரிச்சுது. படத்துக்குப் பேரு 'நாப்பது குச்சி'. ஒரு தீப்பெட்டிக்கு நாப்பது குச்சி, படத்துல மொத்தம் நாப்பது பாட்டு.

நான் அவர்கிட்ட மனசுல பட்டதைச் சொல்லிட்டேன். "தம்பி, ஒரு பாட்டுக்கே சனம் எந்திரிச்சுப் போகும். நாப்பது பாட்டுன்னா எவன் உள்ள இருப்பான்? எனக்கு நல்லதுதான், உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவரு கோபப்படலை. "அண்ணாச்சி, நீங்க பாத்த படத்துல பாட்டு வரும்போது கதை நிக்கும். அதான் எந்திரிக்கிறாங்க. இதுல பாட்டுலதான் கதையே நடக்குது. எந்திரிச்சா கதை போயிரும்"னாரு. படிச்ச பையன். அனுபவம் கிடையாதுல்ல? நான் சிரிச்சுக்கிட்டே டீயைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

இதுல சீனியம்மா எங்க வந்தாங்கிறீங்களா? அவ கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கினவ. அங்க பொம்பளைங்க பாடிக்கிட்டேதான் அடுக்குவாங்க, கை ஓடணும்ல. அந்தப் பழக்கம் விடலை. மாவு பிசையும்போதும் பாடுவா, சமோசா மடிக்கும்போதும் பாடுவா. நல்லா இருக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. வீட்டுல ஃபேன் ஓடுற மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், யாரு கவனிக்கா? ஒரு நாள் டைரக்டர் தம்பி வடை எடுக்க வந்தவரு அடுப்படிப் பக்கம் அப்படியே நின்னுட்டாரு. கையில வச்சிருந்த வடை ஆறிப்போச்சு. "அக்கா, இன்னொரு தடவை பாடுங்க"ன்னாரு.

மூணு நாள் மெட்ராஸ் போய்ப் பாடிட்டு வந்தா. கூட்டத்தோட கூட்டமா நின்னு லாலா போட்டிருப்பான்னு நான் நினைச்சேன். வந்து சொல்றா, தனிப் பாட்டாம். அந்தக் கதாநாயகிப் புள்ளையோட அம்மா பாடுற பாட்டு. அம்மாவா நடிச்ச நடிகைக்கு இவ குரல். நாலு நிமிஷம் பத்து செகண்டாம். சொல்லும்போது அவ மூஞ்சியைப் பாக்கணுமே சார். எங்களுக்குப் புள்ள இல்ல. புள்ள பிறந்திருந்தா அப்படித்தான் வந்து சொல்லியிருப்பான்னு எனக்குத் தோணிச்சு.

அங்கதான் எனக்குப் பயம் பிடிச்சுது.

நாலு நிமிஷப் பாட்டு! அதுவும் மெதுவான பாட்டு, அம்மாப் பாட்டு. என் அனுபவத்துல அம்மாப் பாட்டுக்கு ஆறு வரிசை எந்திரிக்கும். ஊரே எந்திரிச்சு வெளிய வரும், வந்து என்கிட்டத்தான் டீ கேக்கும். இவ உள்ள உக்காந்து தன் பாட்டுக்கு எல்லாரும் முதுகைக் காட்டிட்டுப் போறதைப் பாப்பா. பொண்டாட்டி பாட்டுக்கு எந்திரிச்சு வந்தவனுக்கு நான் எந்தக் கையால சார் டீ ஆத்துவேன்?

இன்னொரு சங்கதி இருக்கு, அதைச் சொன்னாத்தான் புரியும். அந்தப் படத்துல இடைவேளை கிடையாது. அவார்டுக்கு அனுப்புற படம்னா அப்படித்தான் இருக்கணுமோ என்னமோ. ஆனா இடைவேளை இல்லாம எங்க ஊர்ல படம் ஓட்ட முடியுமா? இங்கிலீஷ் படம் வரும்போதும் இதே கதைதான். எங்க விடுறதுன்னு எங்க ஆபரேட்டர் ஜெபராஜ் என்னைத்தான் கேப்பான். சமோசா எப்ப வேகும்னு எனக்குத்தானே தெரியும். வெள்ளைக்காரன் மலை உச்சியில ஒரு கையால தொங்கிக்கிட்டிருப்பான். எண்ணெயில இருந்து சமோசாவை எடுத்தாச்சுன்னா நான் விசில் குடுப்பேன், அவன் தொங்கட்டும்னு ஜெபராஜ் லைட்டைப் போட்ருவான். இது எங்க தியேட்டர் வழக்கம். மொதலாளிகூட இதுல தலையிட மாட்டாரு.

அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. சீனியம்மா பாட்டு ஆரம்பிக்கிற இடத்துல இடைவேளை விட்டுட்டா? சனம் எந்திரிச்சாலும் அது இடைவேளைக்கு எந்திரிச்ச மாதிரிதானே ஆகும், பாட்டுக்கு எந்திரிச்சதா ஆகாதுல்ல? யாரும் அவளைக் கேலி பண்ண முடியாது. ஜெபராஜைக் கூப்பிட்டேன். "அந்தப் பாட்டுல முதல் அடி வந்ததும் நிறுத்திரு. முடிஞ்சு திரும்பப் போடும்போது பாட்டைத் தாண்டிப் போடு"ன்னேன். ஏன் தாண்டணும்? இடைவேளை முடிஞ்சு முதல் அஞ்சு நிமிஷம் எவன் சார் படம் பாக்கான்? பாப்கார்னைக் கொட்டிக்கிட்டு, அடுத்தவன் காலை மிதிச்சுக்கிட்டு சீட்டைத் தேடுவான். அந்தச் சந்தையில அவ பாட்டு ஓடணுமா? ஜெபராஜ் கொஞ்சம் தயங்கினான். "மைனி சங்கடப்பட மாட்டாங்களா அண்ணாச்சி?"ன்னான். "அவளுக்காகத்தான்டா"ன்னேன்.

ரிலீஸ் அன்னைக்கு மத்தியானக் காட்சி ஹவுஸ்ஃபுல். எங்க ஊர்ல எடுத்த படமாச்சே. நாப்பது பாட்டாச்சேன்னு நான் பாலு, பப்ஸு எல்லாம் திருவிழாவுக்கு வாங்குற மாதிரி வாங்கிப் போட்டிருந்தேன். சீனியம்மா கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு, கூட வேலை பாத்த பொம்பளைங்க பன்னெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு உள்ள போய் உக்காந்தா. அன்னைக்குச் சமோசா நான்தான் பொரிச்சேன்.

முதல் பாட்டு ஓடுச்சு. யாரும் வரலை. ரெண்டு, மூணு, நாலு. ஒரு ஈ காக்கா வரலை. உள்ள ஏதாச்சும் சண்டையான்னு கதவைத் திறந்து பாத்தேன். எல்லாம் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பப்ஸ் ஒரு பக்கம் ஆறுது. சர்க்கரை வியாதிக்காரரு ஒருத்தரு மட்டும் அவசரத்துக்கு வெளிய வந்தாரு. டீ வேணுமான்னேன். "போயா, கதை போயிரும்"னுட்டு வேட்டியை முழுசாக் கட்டாமலே உள்ள ஓடினாரு.

எனக்குக் காரணம் புரிஞ்சு போச்சு. சனம் குழம்பிக் கிடக்கு. எது பேச்சு, எது பாட்டுன்னு தெரிஞ்சாத்தானே எந்திரிக்க? பேச்சுன்னு நினைச்சு உக்காந்திருக்கு பாவம். முழுப்பாட்டு ஒண்ணு வரட்டும், அடக்கி வச்சதெல்லாம் சேத்து ஒண்ணா எந்திரிக்கும்னு தோணிச்சு. பயம் இன்னும் கூடிப்போச்சு. அந்தப் பாட்டு வரப் போகுதுன்னு ஜெபராஜ் கண்ணாடிக்குள்ள இருந்து கையைக் காட்டினான். நான் விசில் குடுத்துட்டேன்.

"நாப்பது குச்சியில ஒரு குச்சி எனக்கு வச்சேன்..." அதான் முதல் அடி. அவ குரல் அவ்வளவு பெருசா அந்தத் தியேட்டருக்குள்ள கேட்டுச்சு சார். தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க 'ஏ சீனி!'ன்னு கத்தினாங்க. அந்த அடி முடியலை, லைட் வந்துருச்சு.

அப்ப சனம் என்ன செஞ்சுதுங்கிறீங்க? எந்திரிக்கலை. திரையைப் பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சு. அப்புறம் ஜெபராஜை ஏசிக்கிட்டே ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. சீனியம்மா நேரா கேன்டீனுக்கு வந்தா. பட்டுச் சேலை முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு டீ ஆத்தினா. வந்தவங்க எல்லாம் "அது உன் குரலா, அது உன் குரலா"ன்னு கேட்டாங்க. "மிச்சத்தைக் கேட்டுட்டுச் சொல்லுங்க"ன்னு சிரிச்சா. மணி அடிச்சதும் கையைத் துடைச்சுக்கிட்டு முத ஆளா உள்ள ஓடினா. இடைவேளை முடிஞ்சு பாட்டு தொடரும்னு நினைச்சுட்டா.

தொடரலை. அந்தப் பாட்டுலதான் அம்மாக்காரி மகளை ஊரை விட்டுப் போகச் சொல்லி அனுப்பி வைக்கிறாளாம். எனக்கு எப்படி சார் தெரியும்? படம் திரும்ப ஆரம்பிச்சா அந்தப் புள்ள வேற ஊர்ல நிக்குது. ஏன் போச்சு, எப்படிப் போச்சுன்னு ஒருத்தனுக்கும் விளங்கலை. அப்புறம்தான் சனம் எந்திரிக்க ஆரம்பிச்சுது. ரெண்டு வரிசை, நாலு வரிசை. ஆறின பப்ஸ் அத்தனையும் போச்சு. நான் ஜெபராஜ்கிட்டச் சொன்னேன், "பாத்தியாடா, நான் அப்பவே சொன்னேன்ல, பாட்டுப் படத்துக்கு சனம் எந்திரிக்கும்னு!" எங்க ஊர்ல எடுத்த படம் எங்க ஊர்ல நாலே நாளு. நான் சொன்னது தப்பலை. அதை நீங்க ஒத்துக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டா. ஜெபராஜ் சொல்லிட்டான், வாயில எதுவும் நிக்காது அவனுக்கு. "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" நீ அவமானப்படக் கூடாதுன்னுதான் சீனின்னேன். சத்தியமா அதுக்குத்தான். அவ சத்தம் போடலை. "அவமானம் வந்திருந்தா நான் பட்டிருப்பேன்ல. எனக்கு வர்றதை நீங்க எதுக்கு முந்திக்கிட்டுப் போய்க் கொண்டாந்தீங்க?"ன்னா.

அதுல இருந்து சமோசா மடிக்கும்போது அவ பாடுறதில்லை. அடுப்படி சத்தமில்லாமக் கிடந்துச்சு. ஃபேன் நின்னாத்தான் சார் தெரியும், அதுவரை ஓடுச்சுன்னே.

நாலு நாள்ல படத்தைத் தூக்கிட்டாங்களே, அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன். பாத்தா மதுரையில அம்பது நாள், கோயம்புத்தூர்ல அறுபது நாள். சீனியம்மா பாட்டு வரும்போது ஒரு குருவி அசையலையாம். பாட்டுப் படத்துக்குச் சனமும் வரும், அவார்டும் வரும்னு டிவியில நாலு பேரு உக்காந்து பேசுறான். பாட்டுதான் கதை, கதைதான் பாட்டுன்னு. இதைத்தானே நவநீதன் தம்பி என்கிட்ட டீ குடிச்சுக்கிட்டே சொன்னாரு! மதுரைக்காரன் வேற, எங்க ஊர்க்காரன் வேறன்னு நான் சமாதானம் சொல்லிக்கிட்டேன். பிடிச்ச முயலுக்கு மூணு கால்.

அப்புறம் போன மாசம் அவார்டு அறிவிச்சாங்க. மொதலாளி வரதராசு காரை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. "கொம்பையா, ஞாயித்துக்கிழமை காலையில அந்தப் படத்தை ஒரு காட்சி போடுறோம். ஊருக்கே பெருமை"ன்னாரு. சீனியம்மா அடுப்படியில இருந்து வந்தா. "இடைவேளை கூடாது மொதலாளி. கேன்டீனும் திறக்கக் கூடாது"ன்னா. எங்க கேன்டீனை எங்க மொதலாளிகிட்ட மூடச் சொல்றா! அவரு சரின்னுட்டாரு. என்னைப் பாத்து, "நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. என் பக்கத்துல"ன்னா. மூணு மாசத்துக்கு அப்புறம் அவ என் மூஞ்சியைப் பாத்துப் பேசின முதல் பேச்சு அது.

போனேன். வெள்ளை வேட்டி, சட்டை, எல்லாம் போட்டுக்கிட்டு. இருபத்திரெண்டு வருஷத்துல அந்தத் தியேட்டர்ல நான் சீட்டுல உக்காந்தது அன்னைக்குத்தான். சீட்டு நல்லாத்தான் இருக்கு. அவ அதே அரக்குப் பட்டு. முன்னாடி, பின்னாடி, எங்க பாத்தாலும் தெரிஞ்ச முகம். ஒரு மணி நேரம் நல்லா உக்காந்திருந்தேன், அதைச் சொல்லணும். மேஸ்திரி பாட்டுக்குச் சிரிச்சேன்கூட. அவ என் பக்கம் திரும்பிப் பாத்து லேசாச் சிரிச்சா.

"நாப்பது குச்சியில ஒரு குச்சி எனக்கு வச்சேன்"னு வந்துச்சு சார்.

என் காலு எந்திரிச்சிருச்சு.

நான் எந்திரிக்கலை, நம்புங்க. காலுதான். அடுத்து எனக்கு நினைவு வரும்போது நான் கேன்டீனுக்குள்ள நிக்கேன். பூட்டை எப்பத் திறந்தேன்னு தெரியலை. கை பாட்டுக்கு கிளாஸை அடுக்குது. பத்தொம்பது கிளாஸ் அடுக்கியிருக்கேன். வழக்கமா அந்நேரம் கதவு திறந்து, செருப்புச் சத்தம் கேக்கும், கூட்டம் வரும். யாரும் வரலை. செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ குரல் மட்டும் வருது, வார்த்தை விளங்கலை. திரும்பி உள்ள போகலாமேன்னு கேக்கீங்களா? பாட்டு நடுவுல உள்ள போனா எல்லாரும் பாப்பாங்களே. எனக்கு வெட்கமாப் போச்சு. கிளாஸைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். அப்புறம் உள்ள கைதட்டுச் சத்தம் வந்துச்சு. ரொம்ப நேரம் தட்டினாங்க.

படம் முடிஞ்சு வெளிய வந்தா. கிளாஸைப் பாத்தா, என்னைப் பாத்தா. "ஊரே உக்காந்திருந்துச்சு"ன்னா. அந்தப் பாட்டுக்கு எந்த ஊர்லயும் ஒருத்தன் எந்திரிக்கலை. எந்திரிச்ச ஒரே ஆளு அவ புருஷன்.

இதான் கதை. இப்ப சொல்லுங்க, தப்பு யார் மேல? என் மேல பாதி இருக்கும், நான் இல்லைங்கலை. சரி, முக்கால்னே வச்சுக்கோங்க. நாளைக்கு அங்க ஆயிரம் பேரு இருப்பாங்களாம், எனக்கு முன் வரிசையில சீட்டாம். நாலு நிமிஷம் பத்து செகண்டு. உக்காந்திருவேன்னுதான் பஸ் ஏறினேன். சாத்தூர் தாண்டினதுல இருந்து முழங்காலைப் பாத்துக்கிட்டேதான் வர்றேன். இந்தக் காலை நம்பி எப்படி சார் போறது?

ரெண்டாவது அடியா? தெரியாதே. முதல் அடிதான் தெரியும். ஊர் பூரா போன்ல ஓடுது, டீக்கடையில ஓடுது. எங்க ஓடினாலும் முதல் அடியோட நான் நகந்துருவேன். அவ கூட இல்லாம எவன் போன்லயோ அதைக் கேக்கிறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு தோணும். அவ எனக்கு இருபத்தாறு வருஷம் சும்மாப் பாடினா சார், நான் கேக்கலை. ஒரு நாள்கூட நின்னு கேக்கலை. இப்ப அதைக் கேக்குறதுக்கு மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்துப் போய்க்கிட்டிருக்கேன்.

என்னது, உங்க போன்லயே இருக்கா? ஏறினதுல இருந்து நான் சொல்லிக்கிட்டு வர்றேன், நீங்க வாயைத் திறக்காம உக்காந்திருந்தீங்களே! நல்ல ஆளு சார் நீங்க. எங்க, காட்டுங்க. அட, அவ பேரு போட்டிருக்கே. சீனியம்மாள். இனிஷியல் என்னோடது.

என்ன, ஹோட்டல் வந்துருச்சா? கண்டக்டர் என்ன சொல்றாரு, டீ காபி குடிக்கப் பதினஞ்சு நிமிஷமா? பாருங்க, ஒருத்தர் பாக்கி இல்லாம இறங்குறதை. நீங்களும் போய்க் குடிச்சிட்டு வாங்க. எனக்கு வேண்டாம். போனை மட்டும் என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க, பத்திரமா வச்சிருப்பேன். எங்க அமுக்கணும், இங்கயா? இதைக் காதுல வைக்கணுமா? பதினஞ்சு நிமிஷம்னா மூணு தடவை கேட்டுரலாம்.

சார், சார், போறதுக்கு முன்னாடி ஒரு உதவி. மேல இருக்கே உங்க பெட்டி, அதை இறக்கி என் மடியில வச்சுட்டுப் போங்க. கனமாத்தான் இருக்கு, தெரியும். முழங்கால் மேல நல்லா அமுக்கி வையுங்க.